வானொலிப் பணி: எல்லைத் தமிழர் நுழையும் வாசல்கள்

நம் சங்கக் கூட்டங்களில் மேடையேறி நன்றாகப் பேசுகிற பிள்ளையைக் கண்டால், "இவன் ரேடியோவில பேசலாமே" என்று யாராவது ஒருவர் சொல்லாமல் இருப்பதில்லை. சொல்பவர் அதோடு நிறுத்திக்கொள்கிறார். எங்கே விண்ணப்பிப்பது, என்ன தேர்வு வைப்பார்கள், அது ஒரு பிழைப்புக்கு ஆகுமா என்று அந்தப் பிள்ளை திருப்பிக் கேட்டால் பதில் கிடைப்பதில்லை. கஞ்சிக்கோடு, வாளையார், கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம் பக்கத்திலிருந்தும் இடுக்கி மலைத் தோட்டங்களிலிருந்தும் வானொலிக்குள் நுழைய விரும்புகிற தமிழ்ப் பிள்ளைகளுக்கு அந்தப் பதிலைக் கொஞ்சம் விவரமாகச் சொல்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

முதலில் நம் ஊரின் இருப்பிடத்தைப் பார்ப்போம். வடக்கே நீலகிரி, தெற்கே ஆனைமலை. இரண்டுக்கும் நடுவே சுமார் 30 கிலோமீட்டர் அகலத்தில் பாலக்காட்டுக் கணவாய். அதன் வாயில் உட்கார்ந்திருக்கிறது கஞ்சிக்கோடு. பண்பலை எனப்படும் எஃப்.எம். ஒலி பெரும்பாலும் நேர்கோட்டில் செல்வது. மலை குறுக்கே வந்தால் தடைபட்டுப் போகும். நமக்கும் கோயம்புத்தூருக்கும் நடுவே மலை இல்லை. ஆகவே கோவைப் பண்பலைகள் பலவும் இங்கே வீட்டு முற்றத்தில் கேட்கின்றன. மறுபுறம் திருச்சூர் வானொலியின் மலையாளமும் வந்து சேர்கிறது. ஒரே பெட்டியில் முள்ளைத் திருப்பினால் மொழி மாறிவிடும் ஊர் இது. கேட்பவருக்கு இது வசதி. வேலை தேடுபவருக்கு வசதியும் உண்டு, வில்லங்கமும் உண்டு. அதைப் பின்னால் சொல்கிறேன்.

நம் பெரியவர்கள் வானொலி கேட்ட காலத்தில் நிலைமை வேறு. சென்னை நிலையம் 1938இலும் திருச்சி நிலையம் 1939இலும் தொடங்கின. திருவனந்தபுரத்தில் சமஸ்தான வானொலி 1943இல் வந்தது. கோழிக்கோடு 1950, திருச்சூர் 1956. கோயம்புத்தூரில் நிலையம் வந்தது 1966இல்தான். அதுவரை திருச்சியும், அதைவிட மேலாக இலங்கை வானொலியின் தமிழ் வர்த்தக ஒலிபரப்பும்தான் நம்மவர்களுக்குத் துணை. எஸ்.பி.மயில்வாகனன், கே.எஸ்.ராஜா, பி.எச்.அப்துல் ஹமீது என்ற பெயர்களைச் சொன்னால் அறுபது தாண்டியவர்கள் முகம் மலர்வதை இன்றும் பார்க்கலாம். (அந்த ஒலிபரப்புகளில் பொழுதெல்லாம் ஒலித்த எம்.எஸ்.விசுவநாதன் 1928இல் பிறந்தது நமக்குப் பக்கத்து ஊரான எலப்புள்ளியில் என்பதைச் சந்தடி சாக்கில் சொல்லிக்கொள்கிறேன். நம் ஊர்ப் பிள்ளைகளில் பாதிப் பேருக்கு இது தெரியாது.)

இலங்கை அறிவிப்பாளர்களைப் பற்றி ஒரு செய்தி நமக்குப் பயன்படும். அப்துல் ஹமீது அறிவிப்பாளராக நேரே போய் உட்கார்ந்தவர் அல்லர். சிறுவனாக வானொலி நிகழ்ச்சியில் பங்கேற்று, நாடகங்களில் நடித்து, பிறகே அறிவிப்பாளரானவர். வானொலியில் முன்வாசல் குறுகியது, பக்கவாசல்கள் பல. நம் பிள்ளைகள் முன்வாசலில் மட்டும் நின்று கதவைத் தட்டிவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள்.

ஆகாசவாணியின் பக்கவாசல்கள்

ஆகாசவாணியில் நிரந்தரப் பணிகள் மத்திய அரசின் போட்டித் தேர்வுகள் வழியாக நிரப்பப்படுபவை, எண்ணிக்கையும் சொற்பம். நம் காதில் விழும் குரல்களில் பெரும்பாலானவை தற்காலிக அறிவிப்பாளர்களுடையவை. நிலையம் தேவைப்படும்போது அறிவிப்பு வெளியிடும். எழுத்துத் தேர்வு, குரல் தேர்வு, நேர்முகம் என்று படிப்படியாகத் தேறியவர்களின் பெயர் பட்டியலில் சேரும். தேறியவர்கள் 'வாணி' என்ற சான்றிதழ்ப் பயிற்சியும் முடிக்க வேண்டும். அதன் பிறகு அழைக்கும் நாட்களில் போய்ப் பணியாற்றலாம். ஒருவருக்கு மாதத்துக்கு 6 பணிகளுக்கு மேல் தருவதில்லை என்பது நெடுங்கால நடைமுறை. இதைப் பெற்றோர்கள் நன்றாக மனதில் வாங்கிக்கொள்ள வேண்டும். மாதம் 6 நாள் ஊதியத்தை வைத்துக் குடும்பம் நடத்த முடியாது. பல்லாண்டுகள் இப்படியே பணியாற்றிவிட்டு, நிரந்தரமாக்கக் கோரி நீதிமன்றப் படியேறிய தற்காலிக அறிவிப்பாளர்கள் நாடு முழுவதும் இருக்கிறார்கள். ஆகவே கையில் இருக்கும் வேலையை விட்டுவிட்டு யாரும் இதற்குப் போக வேண்டாம். கஞ்சிக்கோட்டுத் தொழிற்பேட்டையில் ஷிப்ட் பார்ப்பவர், பள்ளி ஆசிரியர், கல்லூரி மாணவர் ஆகியோர் கூடுதலாக ஏற்கத் தக்க பணி இது.

இதற்கு முந்திய படி ஒன்று உண்டு. 15 முதல் 30 வயதுக்குள் இருப்பவர்களுக்கு 'யுவவாணி' நிகழ்ச்சிகள் பிறந்தது 1969இல் டில்லியில். பிறகு மற்ற நிலையங்களுக்கும் பரவியது. இளையவர்கள் ஒலிவாங்கிக்கு முன்னால் கால் நடுங்கிப் பழகுவதற்கென்றே ஏற்பட்ட இடம் என்று அதைச் சொல்லலாம். நாடகக் கலைஞர்களுக்கும் இசைக் கலைஞர்களுக்கும் தனித்தனிக் குரல் தேர்வுகள். தேறியவர்களுக்குத் தரம் வழங்குவார்கள். வேளாண் நிகழ்ச்சி, பெண்கள் நிகழ்ச்சி, சிறுவர் நிகழ்ச்சி ஆகியவற்றில் 5 நிமிடம், 10 நிமிடம் பேச விஷயம் தெரிந்தவர்களைத் தேடுகிறார்கள். தென்னையில் வெள்ளை ஈ வந்தால் என்ன செய்வது என்று தன் தோட்டத்து அனுபவத்தோடு பேசத் தெரிந்த சித்தூர் விவசாயிக்கு அங்கே மரியாதை உண்டு. அவருக்கு அறிவிப்பாளர் குரல் தேவையில்லை.

எழுத்து வழியாகப் போனவர்களும் பலர். தி.ஜானகிராமன் வானொலியின் கல்வி ஒலிபரப்பில் பணியாற்றியவர். நம் பாலக்காடு மாவட்டத்துக் குமரநல்லூரில் பிறந்து, பின்னாளில் ஞானபீடம் பெற்ற மலையாளக் கவிஞர் அக்கித்தம், 1956இல் கோழிக்கோடு வானொலியில் எழுத்துப் பணிக்குச் சேர்ந்து, பிறகு திருச்சூர் நிலையத்தில் பணியாற்றி ஓய்வு பெற்றவர். வானொலி என்பது பேசும் நிறுவனமாகத் தெரிந்தாலும் உள்ளே நடப்பது எழுத்து வேலை. காற்றில் போகும் பேச்சில் பெரும்பகுதி முதலில் தாளில் எழுதப்பட்டதுதான்.

எங்கே இடிக்கிறது?

மேலே வில்லங்கம் என்றேனே, அது இங்கேதான். பல நிலையங்களின் தேர்வு அறிவிப்புகளில், விண்ணப்பிப்பவர் குறிப்பிட்ட மாவட்டங்களில் குடியிருக்க வேண்டும் என்ற நிபந்தனை காணப்படும். காரணம் நியாயமானதே: விடிகாலை ஒலிபரப்பு 6 மணிக்கு முன்பே தொடங்கும், இரவு ஒலிபரப்பு 11 மணி வரை போகும். தொலைவில் இருப்பவரால் நேரத்துக்கு வர முடியாது. ஆனால் நம் நிலைமையை யோசித்துப் பாருங்கள். கஞ்சிக்கோட்டிலிருந்து கோவை சுமார் 40 கிலோமீட்டர். திருச்சூர் அதைப்போல் இரண்டு மடங்கு. தமிழ் ஒலிபரப்பும் நிலையம் பக்கத்தில், ஆனால் வேறு மாநிலத்தில். நம் மாவட்டத்துக்குரிய திருச்சூர் நிலையமோ மலையாள நிலையம். ஆகவே அறிவிப்பு வந்தால் கடைசி வரி வரை படியுங்கள். குடியிருப்பு நிபந்தனை இல்லாவிட்டால் கோவைக்கு விண்ணப்பியுங்கள். இருந்தால் மனம் சோராமல் திருச்சூர் இராமவர்மபுரத்துக்கு மலையாளத்திலேயே விண்ணப்பியுங்கள். மலையாளம் படித்த நம் பிள்ளை அங்கே போட்டியிடுவதில் தவறொன்றும் இல்லை. இடுக்கித் தோட்டப் பகுதிப் பிள்ளைகளுக்கு 1994 முதல் ஒலிபரப்பி வரும் தேவிகுளம் நிலையம் இருக்கிறது. மலைக்கு அந்தப்புறம் கொடைக்கானலின் 'கோடைப் பண்பலை'யும் அவர்கள் காதுக்குப் பழக்கமானது.

இன்னொரு தடை நாமே உண்டாக்கியது. வீட்டில் தமிழ், பள்ளியில் மலையாளமும் ஆங்கிலமும் என்று வளரும் பிள்ளைகள் தமிழை நன்றாகப் பேசுவார்கள், படிக்கத் தெரியாது. எழுத்துக் கூட்டி, "அ...றி...விப்பு" என்று திணறுவார்கள். குரல் தேர்வில் ஒரு தாளைக் கையில் கொடுத்து உடனே வாசிக்கச் சொல்வார்கள். அதில் எண்கள் இருக்கும், வெளிநாட்டுப் பெயர்கள் இருக்கும், நீண்ட வாக்கியம் ஒன்றும் வேண்டுமென்றே இருக்கும். குரல் தேனாக இருந்தாலும் தாளைப் பார்த்து மூச்சு முட்டினால் அங்கேயே முடிந்தது. இந்தத் தேர்வுகளில் நம் பிள்ளைகளைத் தோற்கடிப்பது குரல் அன்று, வாசிப்பு என்பது என் துணிபு. சித்தூர் அரசுக் கல்லூரியில் தமிழ்த்துறை இருக்கிறது. அங்கே தமிழ் படித்த பிள்ளைகளுக்கு இந்தச் சிக்கல் இல்லை. மற்றவர்கள் தினமும் ஒரு பத்திரிகைத் தலையங்கத்தை 15 நிமிடம் உரக்கப் படித்து, கைப்பேசியில் பதிவு செய்து, மறுநாள் கேட்க வேண்டும். உடனே கேட்டால் குறை தெரியாது. மறுநாள் கேட்டால் நம் குரலே அடுத்த வீட்டுக்காரர் குரல் போலிருக்கும், அப்போது பிழை தெரியும்.

உச்சரிப்பில் நமக்கு உள்ள ஒரு சிறப்பைச் சொல்லியாக வேண்டும். தமிழகத்தில் பலர் 'வாழைப்பழம்' என்பதை 'வாளப்பளம்' ஆக்கிவிடுகிறார்கள். மலையாளத்தில் ழகரம் உயிரோடு இருப்பதால் எல்லைப் பிள்ளைகளின் நாக்கில் அது சுத்தமாக உருளும். சும்மா சொல்லக்கூடாது, இது பெரிய சொத்து. ஆனால் அதே மலையாளப் பழக்கம் வேறு இடங்களில் காலை வாரும். 'காற்று', 'நேற்று' என்பவற்றை மலையாளத்தில் போல நாக்கு நுனியால் அழுத்தி அப்படியே விட்டுவிடுவார்கள். தமிழ் வாசிப்பில் அந்த இரண்டாவது றகரம் கொஞ்சம் அதிர வேண்டும். 'மலை', 'தலை' என்பவை 'மல', 'தல' என்று முடிந்துவிடும். பேச்சில் சரி, செய்தியில் ஐகாரம் காதில் விழ வேண்டும். 'முகம்', 'சுகம்' ஆகிய சொற்களில் மலையாளம் வடமொழி ஒலியை மூச்சோடு காப்பாற்றுகிறது. தமிழில் அந்த மூச்சு வேண்டாம். எல்லாவற்றுக்கும் மேலாக வாக்கிய முடிவை இழுத்துப் பாடும் ராகம். அது நமக்குக் கேட்காது, மற்றவருக்கு முதலில் அதுதான் கேட்கும். எந்த ஊர்த் தமிழும் குறைந்தது அன்று. செய்திக்கு ஒரு சட்டை, வீட்டுக்கு ஒரு சட்டை என்று வைத்துக்கொண்டால் போதும்.

சொற்கள் செய்யும் சூது

இரண்டு மொழி தெரிந்தவருக்கு வானொலியில் கிடைக்கக்கூடிய சிறந்த இடம் மொழிபெயர்த்து வாசிக்கும் இடம். செய்தி வாசிப்பாளர் பலர் மொழிபெயர்ப்பாளரும் ஆவர். இந்தியா விடுதலை பெற்ற செய்தியை டில்லியிலிருந்து தமிழில் வாசித்த பூர்ணம் விசுவநாதனைப் பிற்காலத்தவர் நடிகராகவே அறிவர். டில்லிச் செய்தியில் நீண்ட காலம் ஒலித்த சரோஜ் நாராயண்சுவாமியின் குரலை அறியாதவர் குறைவு. ஆங்கிலத்திலிருந்து தமிழுக்கு மாற்ற நாட்டில் ஆட்கள் நிறைய. மலையாளத்திலிருந்து தமிழுக்கு, அதுவும் உடனுக்குடன் மாற்ற எத்தனை பேர்? அங்கேதான் நம் பிள்ளைகளுக்கு மேடை.

ஆனால் இந்த இரண்டு மொழிகளும் அக்காள் தங்கை என்பதாலேயே ஆபத்து அதிகம். மலையாளத்தில் 'வெள்ளம்' என்றால் தண்ணீர். தமிழில் ஊரை அடித்துக்கொண்டு போவது. நம் வீடுகளிலேயே "கொஞ்சம் வெள்ளம் குடு" என்கிறோம், கோவைக்காரர் திகைப்பார். மலையாளத்தில் 'பனி' என்றால் காய்ச்சல். "பனி பரவுகிறது" என்று அப்படியே வாசித்தால் தமிழ் நேயர் கம்பளியைத் தேடுவாரே தவிர மருத்துவமனைக்குப் போகமாட்டார். 'எலிப்பனி' தமிழில் எலிக்காய்ச்சல். 'அவசரம்' அங்கே வாய்ப்பு, இங்கே பரபரப்பு. 'யோகம்' அங்கே கூட்டம், இங்கே அதிர்ஷ்டம். 'சம்சாரம்' அங்கே பேச்சு. இங்கே என்ன என்று சொல்ல வேண்டியதில்லை.

இது வேடிக்கை மட்டும் அன்று. 2018 ஆகஸ்டில் கேரளம் முழுவதும் வெள்ளக்காடானபோது அணை மதகுகள் திறப்பு, நிவாரண முகாம், பால முறிவு என்று அறிவிப்புகள் மணிக்கு மணி மாறின. 2020 ஆகஸ்ட் 6ஆம் தேதி இரவு இராஜமலையை அடுத்த பெட்டிமுடியில் நிலச்சரிவில் 70 பேர் மாண்டனர். பெரும்பாலோர் தமிழ்த் தோட்டத் தொழிலாளர் குடும்பங்கள். அப்படிப்பட்ட மலைகளில் மின்சாரமும் கைப்பேசிக் கோபுரமும் போன பிறகு மிஞ்சுவது பேட்டரியில் ஓடும் வானொலிதான். "ஆற்றங்கரையில் இருப்பவர்கள் உடனே மேட்டுக்குப் போங்கள்" என்ற ஒரு வாக்கியம் கேட்பவரின் மொழியில், குழப்பமில்லாமல், பதறாத குரலில் வர வேண்டும். அந்த வாக்கியத்தை இரண்டு மொழியிலும் சரியாகச் சொல்லத் தெரிந்தவர் எல்லைப் பகுதியில் பிறந்தவராகத்தான் இருக்க முடியும். சினிமாப் பாட்டுப் போடுகிற வேலை என்று இதை ஏளனம் செய்கிற உறவினர்களுக்கு இதைச் சொல்லுங்கள்.

கூடத்துக்குள் கவனிக்க வேண்டிய சில சில்லறைச் செய்திகளையும் சொல்லிவிடுகிறேன், இவற்றை யாரும் எழுதி வைப்பதில்லை. உரையைத் தாளின் ஒரு பக்கத்தில் மட்டும் எழுத வேண்டும். பின் குத்தக் கூடாது, தாள் புரளும் ஓசை ஒலிவாங்கியில் இடி போல் கேட்கும். ஒரு வாக்கியம் பக்கத்தின் கடைசியில் உடைந்து அடுத்த பக்கத்துக்குப் போகக் கூடாது. நிமிடத்துக்கு நூறு சொல், கொஞ்சம் முன்னே பின்னே, என்று கணக்கு வைத்துக்கொண்டால் 5 நிமிடப் பேச்சுக்கு 500 சொல். ஒலிவாங்கிக்கும் வாய்க்கும் ஒரு சாண் இடைவெளி. பகரம் வெடிக்காமல் இருக்க முகத்தைச் சிறிதே சாய்த்துப் பேசலாம். வளையல் குலுங்கும், கழற்றி வைத்துவிடுங்கள். எண்களை எழுத்தால் எழுதி வைத்துக்கொண்டால் தடுமாற்றம் வராது. கொடுத்த நேரத்தைத் தாண்டிப் பேசுபவரை எந்த நிலையமும் இரண்டாம் முறை கூப்பிடுவதில்லை. நம் சங்க மேடைப் பேச்சாளர்கள் இதைக் கொஞ்சம் கவனிக்க வேண்டும்.

தனியார் பண்பலையும் சமுதாய வானொலியும்

தனியார் பண்பலை பற்றி இளையவர்களுக்கே என்னைவிட அதிகம் தெரியும். சூரியன், மிர்ச்சி, ஹலோ, ரேடியோ சிட்டி என்று கோவையில் உள்ளவற்றில் அறிவிப்பாளருக்கு எழுத்துத் தமிழைவிடப் பேச்சுத் தமிழும் சமயோசிதமும் முக்கியம். இரண்டு மூன்று நிமிடக் குரல் மாதிரியைப் பதிவு செய்து அனுப்ப வேண்டியிருக்கும். அதில் பிறரைப்போலப் பேசிக் காட்டாமல் சொந்த ஊர்ச் செய்தி ஒன்றைச் சொந்தக் குரலில் சொல்வதே நல்லது. இந்த நிலையங்கள் சொந்தமாகச் செய்தி தயாரித்து ஒலிபரப்ப உரிமை பெறவில்லை. 2011ஆம் ஆண்டுக் கொள்கை ஆகாசவாணிச் செய்தியை மாற்றாமல் மறு ஒலிபரப்பு செய்ய மட்டுமே இடம் தந்தது. வருமானம் முழுக்க விளம்பரம். எனவே விளம்பர வாசகம் எழுதுபவர், ஒலித்தொகுப்பாளர், விளம்பரம் பிடிப்பவர் ஆகியோருக்கு அறிவிப்பாளரைவிடப் பிடிமானம் அதிகம். ஆங்கிலம் கலந்து வேகமாகப் பேசினால்தான் வேலை கிடைக்கும் என்ற எண்ணம் பிள்ளைகளிடம் இருக்கிறது. கோவையில் கொங்குத் தமிழுக்கே கிராக்கி. "ஏனுங்க" என்று இயல்பாகச் சொல்லத் தெரிந்தவர் பாதித் தேர்வைத் தாண்டியவர்.

எனக்கு அதிக நம்பிக்கை தருவது சமுதாய வானொலி. 2004 பிப்ரவரியில் சென்னை அண்ணா பல்கலைக்கழகம் 'அண்ணா எஃப்.எம்.' தொடங்கி இந்தியாவில் இதற்குப் பிள்ளையார் சுழி போட்டது. முதலில் கல்வி நிறுவனங்களுக்கு மட்டும் இருந்த அனுமதி, 2006 நவம்பரில் பதிவு பெற்ற தொண்டு அமைப்புகளுக்கும் விரிவாக்கப்பட்டது. குறைந்தது 3 ஆண்டுகள் செயல்பட்ட அமைப்பாக இருக்க வேண்டும். நிகழ்ச்சிகளில் பாதியாவது உள்ளூர் மக்களைக் கொண்டு உருவாக்கப்பட வேண்டும். 100 வாட் அளவிலான சிறிய ஆற்றல், சுமார் 10 கிலோமீட்டருக்குக் கேட்கும். வயநாட்டில் 'ரேடியோ மாற்றொலி' 2009 முதல் இவ்வாறு நடக்கிறது. பழங்குடி மக்களின் மொழிகளிலும் அங்கே நிகழ்ச்சிகள் உண்டு. கோவையில் பி.எஸ்.ஜி. கல்லூரியினர் நடத்துகின்றனர். ஒலிபரப்பின் எல்லா வேலையையும், அதாவது ஒலிப்பதிவு, வெட்டி ஒட்டுதல், பேட்டி காணல், நேரக் கணக்கு என்று அனைத்தையும், ஓர் ஆண்டில் கற்றுக்கொள்ள இதைப்போன்ற பள்ளிக்கூடம் வேறில்லை. பணம் பெரிதாக வராது. ஆனால் அங்கே செய்த பத்து நிகழ்ச்சிகளின் பதிவு கையில் இருந்தால், எந்த நிலையத்து நேர்முகத்திலும் அதுவே பேசும்.

நம் சங்கம் இதுபோன்ற ஒன்றுக்கு விண்ணப்பிக்கலாமா என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். விதிப்படி தடை இருப்பதாகத் தெரியவில்லை. நிலையத்தை அமைக்கும் செலவைவிட, நாள் தவறாமல் நிகழ்ச்சி கொடுக்க ஆள் சேர்ப்பதே பெரும்பாடு. தினம் 2 மணி நேரம் என்று வைத்தாலும் மாதம் 60 மணி நேரம். அதற்கு எழுத, பேச, பதிவு செய்ய ஒரு கை விரலுக்காவது பயிற்சி பெற்ற பிள்ளைகள் முதலில் வேண்டும். எனவே விண்ணப்பம் பிறகு இருக்கட்டும். சங்கக் கட்டடத்தின் ஓர் அறையில் ஞாயிற்றுக்கிழமை தோறும் தமிழ் வாசிப்புப் பயிற்சியை இப்போதே தொடங்கிவிடலாம். இதற்குச் செலவு ஒரு ஒலிவாங்கியும் நான்கு கம்பளமும்தான். எதிரொலியை அடக்கக் கம்பளத்தைச் சுவரில் தொங்கவிட வேண்டும்.

இதில் அவசரம், தமிழ்ப் பொருளில், உண்டு. 2024 ஆகஸ்டில் மத்திய அமைச்சரவை 234 புதிய நகரங்களில் 730 தனியார் பண்பலை அலைவரிசைகளை ஏலம் விட ஒப்புதல் அளித்தது. அந்தப் பட்டியலில் கேரளத்தில் இடம்பெற்றவை காஞ்ஞங்காடும் பாலக்காடும். நிலையம் வரும்போது அது மலையாள நிலையமாகத்தான் இருக்கும். ஆனால் பாலக்காட்டில் தமிழ்ப் பாட்டு இல்லாமல் எந்த நிலையமும் ஒரு வாரம் தாக்குப்பிடிக்காது. தமிழ்ப் பாட்டுக்கு முன்னால் மலையாளத்தில் இரண்டு வரியும், மலையாளப் பாட்டுக்குப் பின்னால் தமிழில் இரண்டு வரியும் பிழையில்லாமல் சொல்லக்கூடியவரை அவர்கள் அப்போது தேடுவார்கள்.